லண்டனில் பாண் வண்டி

“இஞ்சாருங்கோ, லண்டனிலயும் பாண் வண்டி வருதோ?”

மடிக்கணினிக்குள் ஒலித்த பாட்டைக் காதில் வாங்கி, நாகேஸ்வரி குசினி வாசலில் நின்று கேட்டதும், அதன் முன்னால் இருந்த கதிர்காமநாதன் தன் மைக் அணைந்திருக்கிறதா என்று பதறிப்போய்ப் பார்த்தார். நல்ல வேளை, அணைந்திருந்தது.

“உது ஐஸ்கிறீம் வண்டி. அங்க அதுதான் பாட்டோட வரும். உமக்கு உதெல்லாம் எங்க விளங்கப் போகுது?”

“மார்கழிக் குளிருக்கை ஐஸ்கிறீமோ?” என்றுவிட்டு நாகேஸ்வரி உள்ளே போனாள்.

கதிர்காமநாதன் ஒரு பள்ளிக்கூடத்தின் உப அதிபர். கிளிநொச்சிக்குக் கிழக்கே, குடியேற்றத் திட்டத்து வீட்டில் இருந்துகொண்டே லண்டன் கல்லூரி ஒன்றில் முதுமாணிப் பட்டம் படித்தார். படிப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கட்டணம் கட்டவேண்டும், கமராவுக்கு முன்னால் ரை கட்டிக்கொண்டு இருக்கவேண்டும், இடையிடையே தலையாட்டவேண்டும். பேராசிரியர் சிற்றம்பலம் லண்டனில் இருந்தபடி நல்ல தமிழில் பாடம் நடத்தினார்.

தை மாதம் அதிபர் பதவிக்கு நேர்முகத் தேர்வு. பட்டம் இருந்தால் அதிபர் கதிரை. இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை பக்கத்து அறைக் கதிரைதான்.

சற்று நேரத்தில் அதே பாட்டு அவருடைய படலையடியிலும் கேட்டது. கதிர்காமநாதன் தலையாட்டுவதை நிறுத்தினார்.

பாணும் பணிசும் விற்றுக்கொண்டு தெருத்தெருவாக வரும் பாண் வண்டிகள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் போடும். ஆனால் இந்தப் பக்கம் பாண் விற்கும் மாயாண்டியின் ஓட்டோவில், பாட்டுப் பதிந்த மெமரி காட்டில் சின்னப் பழுது ஒன்று. அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விக்கி, ஒரு சுரத்தை விழுங்கிவிட்டுத் தொடரும். பேராசிரியரின் லண்டனிலும் அதே இடத்தில்தான் விக்கியது.

மிச்சம் வெறும் கணக்கு. மாயாண்டி சந்தி வெதுப்பகத்தில் பாண் ஏற்றி, முதலாம் வாய்க்கால் றோட்டு, இரண்டாம் வாய்க்கால் றோட்டு, பிறகு மூன்றாவது என்று வருவான். கதிர்காமநாதனின் வீடு மூன்றாம் வாய்க்காலில். பாட்டு முதலில் லண்டனில் கேட்டு, பிறகு இங்கே கேட்கிறது என்றால், லண்டன் இரண்டாம் வாய்க்காலுக்கு அப்பால் போக வழியில்லை.

அடுத்த வகுப்பன்று அவர் கமராவை அணைத்தார். வகுப்பைப் போனில் திறந்து, ஒரு காதில் மட்டும் கருவியைச் செருகிக்கொண்டு, சைக்கிளில் பாண் வண்டிக்குப் பின்னால் போனார். முறை சுலபமானது. வெறும் காதில் எப்போதும் பாட்டு இருக்கும். கருவிக் காதில் அது எப்போது தொடங்குகிறது என்று பார்த்தால் போதும். அங்கே பாட்டு எந்தப் படலையடியில் மிகச் சத்தமாகக் கேட்கிறதோ, அதுதான் லண்டன்.

“என்ன சேர், பாணுக்குப் பின்னால சைக்கிள்ல வாறீங்க? சொல்லியிருந்தா வீட்டுக்கே கொண்டாந்திருப்பேனே!” என்றான் மாயாண்டி.

“நீர் போம். நான் ஒரு ஆராய்ச்சியில நிக்கிறன்.”

இரண்டாம் வாய்க்காலின் கடைசிக்கு முந்தின வீட்டடியில் கருவிக் காது அதிர்ந்தது. வெளியே கேட்ட பாட்டு, இணையத்தைச் சுற்றிவிட்டு, ஒரு நொடி பிந்தி உள்ளே விக்கியது. கோழிப்பண்ணை போடப்போவதாகச் சொல்லி வாடகைக்கு வந்த மனிதனின் வீடு அது. கதிர்காமநாதன் வேலி ஓட்டைக்குள்ளால் எட்டிப் பார்த்தார்.

யன்னலுக்குள் பேராசிரியர் சிற்றம்பலம் இருந்தார். மேலே கோட்டும் ரையும், கீழே சாரம். முதுகுக்குப் பின்னால், புத்தக அலுமாரிகள் அச்சடித்த துணி ஒன்று தொங்கியது. காற்றாடியைப் போட்டால் நூலகம் ஆடும் என்பதால், மனிதர் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். சுவர்க்கடிகாரம் லண்டனின் முற்பகலைக் காட்டியது. அன்றைய பாடம், ‘தலைமைத்துவத்தில் நேர்மை’.

அப்போது கருவிக் காதில், கூடப் படிக்கும் முல்லைத்தீவு லக்சிகா ரீச்சரின் குரல் கேட்டது. “சேர், உந்தப் பாட்டு எங்கட பாண் வண்டி மாதிரியெல்லோ கிடக்கு?”

வகுப்பே சிரித்தது.

“ஐஸ்கிறீம் வண்டி, பிள்ளை,” என்று பேராசிரியர் நெற்றியைத் துடைத்தார்.

வீட்டுக்கு வந்த கதிர்காமநாதன் கண்டதையெல்லாம் சொன்னார். கதையைக் கேட்ட நாகேஸ்வரி அகப்பையோடு வெளியே வந்தாள்.

“கோழிக்கள்ளன் கூட இப்பிடிச் செய்யமாட்டான்! அவன் உங்களை வைச்சுப் பேய்க்காட்டியிருக்கிறான். உடன பொலிசுக்குப் போங்கோ!”

“ஓம், போறன். இனியும் விட்டால் என்ர அதிபர் கதிரை போயிடும். லக்சிகா ரீச்சருக்கே சந்தேகம் வந்திட்டுது.”

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் அவரைக் கண்டதும் எழுந்து கதிரை கொடுத்தார்.

“சொல்லுங்கோ சேர், என்ன பிரச்சினை?”

“கல்வியோட விளையாடுறாங்கள், தம்பி!” கதிர்காமநாதன் மேசையில் குத்தினார். “பட்டப்படிப்பு படிக்கிற ஆக்களின்ர எதிர்காலம் பாழாகப் போகுது. அதுவும் நடக்கிறது எங்க? எங்கட இரண்டாம் வாய்க்கால் றோட்டில! பட்டப்பகலில! கேக்க ஆளில்லை எண்ட துணிவு.”

சார்ஜன்ட் நிமிர்ந்து உட்கார்ந்து பேனையைத் திறந்தார்.

“நாளைக்கே பிடிப்பம் சேர். ஆள் ஆர்?”

“மாயாண்டி,” என்றார் கதிர்காமநாதன். “வகுப்பு நடக்கிற நேரத்தில அவன் பாண் வண்டியில பாட்டுப் போடக்கூடாது.”