மாமியாருக்கு அழுத மருமகள்

மாமியார் நாச்சம்மாள் இறந்த அன்று செல்வப்பிரியாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

குழம்பில் காரமே இல்லை என்று மாமியார் ஓயாமல் குறை சொன்னதால்தான், குமுளியிலிருந்து கரீபியன் மிளகாய் நாற்று வாங்கி வந்து வடகரப்பதி வீட்டுக் கொல்லையில் நட்டிருந்தாள். குட்டிப் பூசணி போல் காய்த்தது. முதல் காயைக் கோழிக் குழம்பில் கிள்ளிப் போட்டாள்.

"மருமவ என்னையக் கொல்லப் பாக்கறா!" என்று நாச்சம்மாள் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். அவளுக்காக அழுகை எங்கிருந்து வரும்?

ஆனால் வாசல் நிறையச் சொந்தக்காரர்கள். அம்மாவின் மேல் விழுந்து கதறும் நாத்தனார் மௌனிகாவைப் பார்த்தவர்கள், அடுத்து இவள் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

செல்வப்பிரியா கொல்லைக்குப் போனாள். ஒரு மிளகாயைக் கிள்ளி, விரலைக் கண்ணோரம் வைத்தாள். அவ்வளவுதான், மூக்கும் கண்ணும் ஒழுக, நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"பெத்த மவளே தோத்தா போங்க!" என்று சனம் உருகியது.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்ததும் மௌனிகா சமையல்கட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். தன்னை மிஞ்சி அழுததற்குச் சண்டை பிடிக்கப் போகிறாள் என்று செல்வப்பிரியா பயந்தாள்.

மௌனிகா அண்ணியிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"நங்கையா, கொல்லையில இருக்கற அந்த மொளகாயில எனக்கும் நாலு காய் குடுங்க. எங்க மாமியா இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கறாங்க. பெத்த அம்மாளுக்கே நான் அதத் தேச்சுட்டுத்தான் அழுதேன்."