ஒரே எண்கள்

இடிந்த சுரங்கத்துக்குள் மற்றவர்களோடு சிக்கியிருந்த தவசியின் குரல் சுரங்கத்தின் கம்பிவழிப் போனில் வந்தது: “மெஷின் சத்தம் கேக்குதும்மா. ஆனா தூரமாக் கேக்குது.” துளைபோட இடம் குறித்த மேகலா மறுபடி பார்த்தாள். வரைபடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் கையிலிருந்த ஜி.பி.எஸ். கருவியின் எண்களும் கடைசி இலக்கம்வரை ஒத்திருந்தன. அப்போதுதான் வரைபடத்தின் ஓரத்திலிருந்த ஆண்டைப் பார்த்தாள். வரைபடம் பழையது. அதை வரைந்தவர்கள் பூமிக்கு வேறொரு வடிவத்தை வைத்துக் கணக்குப் போட்டவர்கள். அந்தப் பூமியில் இதே எண்கள் வேறோர் இடம். எந்த வடிவம் என்று வரைபடத்தில் எங்குமே எழுதவில்லை. “துளை தப்பான இடத்துல இறங்குது!” என்றாள்.

“மெஷின எந்தப் பக்கம் தள்ளணும், சொல்லுங்க மேடம்!” என்று கத்தினான் இயந்திரம் ஓட்டும் பிச்சைமணி.

“தெரியல. முதல்ல மெஷின நிறுத்து. போனை வாங்கிக்க. நான் தரையில அடிக்கிறேன், எங்க அடிச்சாக் கிட்டக் கேக்குதுன்னு அவங்ககிட்டக் கேளு.”

இயந்திரம் ஓய்ந்தது. அவள் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு கிழக்கே ஓடி ஓங்கி அடித்தாள். பிறகு மேற்கே ஓடி அடித்தாள். உள்ளங்கை கிழிந்தது. “கேக்குதாமா?” என்று அலறினாள்.

பிச்சைமணி போனைக் காதிலிருந்து எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.

“ஒண்ணுமே கேக்கலையாம் மேடம். மெஷின ஏன் நிறுத்திட்டீங்கன்னு அழுவுறாங்க.”