எந்த மாற்றமும் இல்லை

நாற்பது வரிகளை ஒரே மூச்சில் அழித்தாள்.

ஸ்பீக்கர் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தது.

கணினியின் ஒலியை இயக்கும் டிரைவர் நிரல் அது. எழுதியவர் சார். முன்பு அவள் வேலை பார்த்த அலுவலகத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும்தான். தன் நிரலில் ஒரு வரியைத் தொட்டாலும் கம்ப்யூட்டர் ஊமையாகிவிடும் என்று மார்தட்டிக்கொள்வார்.

திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் குப்பை. எப்போதோ உற்பத்தி நின்றுபோன ஒரு சிப்புக்காக மட்டும் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார்.

ஆள்குறைப்பு வந்தபோது முதலில் அவள் பெயரைச் சொன்னது இந்த மகானுபாவர்தான். அதுவும் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால்.

“இவங்க போனா வேலையில எந்த மாத்தமும் இருக்காது.”

எவ்வளவு நேர்மையான மனிதர் என்று வெளியே வந்ததும் எல்லோரும் சிலாகித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போயும் வாய்விட்டு அழ முடியவில்லை.

இப்போது சார் ஓய்வு பெற்றுவிட்டார். நிரல் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறி, சுத்தம் செய்யும் வேலை அவளைத் தேடி வந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். விடுவாளா?

எதை அழித்தாலும் காரணம் எழுத வேண்டும். அழித்தும் ஒன்றும் கெடவில்லை என்றால், அதற்கென்றே இந்தத் தொழிலில் ஒரு வாசகம் உண்டு: ‘எந்த மாற்றமும் இல்லை.’

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பியிருக்கலாம். அவள் வேண்டுமென்றே துண்டு துண்டாகப் பிரித்தாள். ஒவ்வொரு துண்டிலும் அந்த வாசகத்தை ஆசை தீரத் தட்டினாள்.

கடைசியாக ஒரு சோதனை. ஹெட்போனைச் செருகினாள், பிடுங்கினாள், ஒலியை உச்சத்துக்கு ஏற்றினாள்.

சட்டென்று சத்தம் நின்றது.

அவளுக்குத் திக்கென்றது. ஒரே ஒரு வரி தேவைப்பட்டிருந்தால்கூடப் போதும், கடைசியில் அவர் சொன்னதே சரி என்றாகிவிடும்.

அடுத்த பாட்டு தொடங்கியது. முந்தையது முடிந்திருக்கிறது, அவ்வளவுதான். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அனுப்பினாள். யாருடைய வரிகள் போகின்றனவோ, அவருக்கும் துண்டுக்கு ஒரு மெயில் தானாகப் போய்ச் சேரும்.

பக்கத்து அறையில் ஃபோன் ‘டிங்’ என்றது. மறுபடியும் ‘டிங்’. அப்புறம் நிற்கவே இல்லை.

பாட்டை அணைத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“ஏங்க, உங்களுக்குத்தான் மெயில் வருது. நிதானமா ஒவ்வொண்ணாப் படிங்க.”