வெங்காயத்தோலில் ஒரு குமிழி

பள்ளி ஆய்வகத்து மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே ஒரு வெங்காயத்தோல் கிடந்தது. அதில் குடியிருந்த செல் ஒன்றுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகள் பார்க்க வருகிறார்கள் என்று சிவப்புச் சாயமெல்லாம் பூசிக்கொண்டு காத்திருந்தது.

மேலே மூடுகிற கண்ணாடிச் சில்லை யாரோ அவசரத்தில் தொப்பென்று போட்டுவிட்டார்கள். அதில் ஒரு காற்றுக்குமிழி உள்ளே மாட்டிக்கொண்டு, கறுப்புக் கரையோடு வட்டமாக உட்கார்ந்துவிட்டது.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க, என்னை மறைக்கிறீங்க" என்றது செல்.

"அப்படி உன்கிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டது குமிழி.

செல் தன் சுவரை, உட்கருவை, உள்ளே ததும்பும் சாற்றை எல்லாம் விவரமாகச் சொன்னது.

"எனக்குள்ள ஒண்ணுமே இல்லை. அதனால வரையறது சுலபம்" என்றது குமிழி.

அது சொன்னது பலித்தது. பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தார்கள். ஆளுக்கொரு வட்டம் போட்டு, பக்கத்தில் 'செல்' என்று அழகாக எழுதினார்கள். ஒருவன் வரைந்து முடித்துவிட்டுத்தான் பார்க்கவே வந்தான்.

வரிசை முடியுமுன் ஞானசௌந்தரி டீச்சர் வந்தார். குனிந்து பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார், ஊசி முனையால் சில்லை மெல்லத் தட்டினார். குமிழி ஓரத்துக்கு நழுவி உடைந்துபோனது.

'இனி என்னைத்தான் பார்த்தாக வேண்டும்' என்று செல் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அடுத்து நின்ற மரகதவல்லி கண்ணை வைத்து வெகுநேரம் தேடினாள். பிறகு வருத்தத்தோடு நிமிர்ந்தாள்.

"டீச்சர், நீங்க தட்டினதுல செல் செத்துப்போச்சு."