நாலு மிதவை, ரெண்டு கணக்கு

எதிர் அலுவலகத்துக் கணக்கைப் பிரித்துப் பார்த்ததும் பெண் பொறியாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்னம்கூட லேசாகச் சிவந்தது.

மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மிதவைகளின் மேல் நடுக்கடலில் நிற்கப்போகும் எண்ணெய் மேடை அது. எந்தப் பக்கத்துக் காற்றுக்கு எவ்வளவு சாய்ந்தால் கவிழும் என்று இரண்டு அலுவலகங்கள் தனித்தனியாகக் கணக்குப் போட்டிருந்தன. இரண்டும் ஒத்துப்போனால்தான் மேடை கடலுக்குப் போகும்.

"ஒண்ணுகூட ஒத்துப்போகலையேம்மா! நீங்க தாங்கும்கிற இடத்துல அவங்க கவுந்துடும்கிறாங்க."

"ரெண்டு கணக்கும் சரிதான் சார். அவரோடதைக் கால் வட்டம் திருப்பிப் பாருங்க."

"திருப்பறதுக்கு இதென்ன மேஜை விசிறியா?"

"கப்பல்னா முன்பக்கம் எதுன்னு குழந்தைகூடச் சொல்லும். இந்த மேடைக்கு ஏது சார் முன்பக்கம்? படத்துலயும் குறிக்கலை. நான் கிரேன் இருக்கிற பக்கத்தை வெச்சுக்கிட்டேன். அவரு, தான் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாரோ அதுதான் முன்பக்கம்னு முடிவு பண்ணியிருப்பாரு. கேட்டா, உலகம்தான் கோணலா நிக்குதும்பாரு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த, மேடையின் படத்தை வரைந்தவர் அவசரமாக மேஜைக்கடியில் குனிந்து, விழாத பேனாவைத் தேட ஆரம்பித்தார்.

மேலாளர் திருப்பிப் பார்த்தார். அரை டிகிரிகூட வித்தியாசமில்லை. மனிதர் துள்ளிக் குதிக்காத குறைதான்!

துள்ளல் பாதியிலேயே நின்றது. "அவரு, அவருன்னு சொல்றீங்களே, யாரும்மா அந்த அவரு? அங்க கணக்குப் போட்டது யாருன்னு எனக்கே தெரியாது. பேர் சொல்லாம அனுப்பறதுதானே ஏற்பாடு?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேஜைக்கடியிலிருந்து படம் வரைந்தவரின் தலை எட்டிப் பார்த்தது.

"நான் அப்பவே கவனிச்சேன் சார். அது சாதாரணச் சிரிப்பு இல்லை."

மேலாளர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். கணக்குப் போட்டவர்கள் தங்களுக்குள் பேசியிருந்தால் இரண்டு கணக்கும் செல்லாது. வேறு ஆட்களை வைத்து முதலிலிருந்து போட வேண்டும். இவளுடைய வேலைக்கும் வேட்டுதான். இவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணை இழக்க அவருக்கு மனசே இல்லை.

"மறைக்காமச் சொல்லுங்கம்மா. ரெண்டு பேரும் கலந்து பேசினீங்களா?"

"சத்தியமா இல்லை சார். கணக்கைப் பார்த்ததுமே ஆள் யாருன்னு புரிஞ்சிடுச்சு."

"கணக்கை வெச்சே கண்டுபிடிக்கிற அளவுக்குப் பழக்கமா? அப்ப ஆபீஸ்ல பேசலைன்னாலும் ஓட்டல்ல, பார்க்குலன்னு எங்கயாவது உட்கார்ந்து பேசியிருப்பீங்க. இவ்வளவு நெருக்கமானவங்க பேசிக்கவே இல்லைன்னா யாரும்மா நம்புவாங்க?"

அவள் இந்த முறை வாய்விட்டே சிரித்தாள்.

"அந்த மனுஷன்கிட்ட இருந்துதான் சார் நான் விவாகரத்து வாங்கியிருக்கேன்!"