எழுந்திரு தேவகி!

மஸ்கட் விமானம் கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஜெயப்ரியாவுக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ஜன்னல் சீட்டுதான் வேணும்னு கேட்டு வாங்கினாளே, அதான் வினை. மடியில் கைக்குழந்தை. பக்கத்தில் ஒரு அம்மா, வாயைப் பிளந்துகொண்டு தூக்கம். அதற்கு அந்தாண்ட அவங்க வீட்டுக்காரர், ஒரு பெரியவர். ரெண்டு பேரையும் எழுப்பி, ‘பாத்ரூம் போவணும்’னு சொல்வதா? அதுக்கு ஜன்னல் வழியாகக் குதிச்சிடலாம்.

பணிப்பெண் தண்ணீர் நீட்டினாள்.

“வேணாம்.”

“குடிம்மா. ஏரோப்ளேன்ல ஒடம்பு காஞ்சிப்பூடும். பால் குடுக்குற பொண்ணு வேற” என்றார் பெரியவர். “எந்த ஊரு?”

“காஞ்சிபுரம். செவிலிமேடு.”

“அட! நாங்க பிள்ளையார்பாளையம். காசிநாதன்னா எல்லாருக்கும் தெரியும். மக வீட்டுக்குப் போறோம்.”

ஜெயப்ரியா காலை இறுக்கிக்கொண்டு மேகத்தைப் பார்த்தாள்.

“எழுந்திரு தேவகி!” பெரியவர் மனைவியை உலுக்கினார்.

“இன்னாத்துக்குய்யா?”

“உக்காந்துக்கினே இருந்தா கால் வீங்கிடும். வா, கொஞ்சம் நிப்போம்.”

ரெண்டு பேரும் சீட்டை விட்டு வந்து நடைவழியில் நின்றார்கள். வழி கிடைத்ததும் ஜெயப்ரியா எழுந்தாள்.

“கொழந்தைய இப்படிக் குடு” என்றாள் தேவகி. குடுத்துவிட்டு ஓட்டம்.

திரும்பி வந்து ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்தாள். குடிச்ச தண்ணி சும்மா இருக்குமா?

நல்லவேளை, பெரியவரும் சும்மா இருக்கவில்லை. சாப்பாடு முடிந்ததும், “எழுந்திரு தேவகி!” கொஞ்ச நேரத்தில் மறுபடியும், “எழுந்திரு தேவகி!”

“யோவ், மனுசனாய்யா நீ? கண்ணு அசர உடமாட்டியா?”

முன்சீட்டுக்காரன் திரும்பி முறைத்தான். பணிப்பெண் உட்காரச் சொன்னாள். “ரெண்டே நிமிசம்மா, கால் மரத்துப்போச்சு” என்று பெரியவர் கையைக் காலைத் தூக்கிக் கூத்தடித்தார்.

ஜெயப்ரியாவுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், இரக்கம் ஒரு பக்கம். என்ன வியாதியோ, சொல்ல வெட்கப்பட்டு, கால் மேல பழியைப் போடுறாரு மனுஷன்.

இறங்கும்போது தைரியத்தை வரவழைத்துக்கொண்டாள்.

“பெரியப்பா, தப்பா நெனைக்காதீங்க. இப்பிடி அடிக்கடி எழுந்திரிக்கிறது நல்லதில்ல. வெக்கப்படாம டாக்டராண்ட சொல்லிடுங்க. சக்கரையா இருக்கப்போவுது.”

காசிநாதன் திருதிருவென்று முழித்தார். தேவகிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இந்த ஆளுக்கா? காலைல தறியில உக்காந்தா, சோத்துக்குக் கூப்பிட்டாகூட எழுந்திரிக்காத ஜென்மம்மா இது! ‘அந்தப் பொண்ணு கேக்க வெக்கப்பட்டு அடக்கிக்கினு கீது, நாம எழுந்தாதான் அது போவும்’னு காதுல ஓதி ஓதி, என்னைத் தூங்க உட்டாரா பாரு!”