சாகாத இன்ஜின்

"தம்பி, இந்த இன்ஜின் செத்துப்போச்சுன்னு அவருகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிடேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

லாரிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த மெக்கானிக், விருட்டென்று நிமிர்ந்ததில் பானட்டில் இடித்துக்கொண்டான். லாரிக்காரரின் மனைவி பட்டறைக்கு வருவதே அபூர்வம். வந்ததும் வராததுமாக இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போடுவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"என்ன அண்ணி சொல்றீங்க? இதுல ஒரு கோளாறும் இல்ல. லேசாத் தட்டுற சத்தம் வருதுன்னு அண்ணன் விட்டுட்டுப் போனாரு. டேப்பட்னு ஒரு சின்ன பாகம், அதைச் சரி பண்ணா முடிஞ்சுது. இன்னும் பல வருஷம் ஓடும்."

"அதுதான் தம்பி என் வயித்தெரிச்சலே."

அவள் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தாள். சேலையில் கறை படுமே என்றுகூடப் பார்க்கவில்லை.

"உங்க அண்ணன் எனக்கு ஒரு சத்தியம் பண்ணியிருக்காரு, தெரியுமா? பொண்ணு கல்யாணம் முடிஞ்ச கையோட, 'போதும், வீட்டோட இருங்க'ன்னு அழுதேன். 'இந்த இன்ஜின் என்னைக்கு மண்டையைப் போடுதோ, அன்னைக்கே நானும் ஸ்டியரிங்கை விட்டுடறேன்'னு என் தலைமேல கை வச்சுச் சொன்னாரு. அப்பவே அது அரதப்பழசு. மிஞ்சிப்போனா ஒரு வருஷம்னு நானும் தலையாட்டிட்டேன். இப்ப பேத்தி பள்ளிக்கூடம் போறா. இது இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கு!"

மெக்கானிக், ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரை எடுத்து வேஸ்ட் துணியால் துடைத்தான்.

"பழைய டீசல் இன்ஜின் அண்ணி. கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. வேளாவேளைக்கு ஆயில் மாத்தினா..." என்று இழுத்தான்.

"அந்த ஆயில் கதையெல்லாம் எனக்கு மனப்பாடம். போன் பண்ணா, 'சாப்பிட்டியா'ன்னு ஒரு வார்த்தை. அப்புறம் பூரா இன்ஜின் புராணம்தான். மேட்டுல எப்படி இழுத்துச்சு, குளிர்ல எப்படி ஒரே அடியில ஸ்டார்ட் ஆச்சு... சக்களத்தி பெருமையை என்கிட்டயே பேசினா நான் என்ன செய்வேன்? ஒரு தடவை இங்கேயே வாரக்கணக்கில வண்டி கிடந்துச்சே, ஞாபகம் இருக்கா? சரி, இனிமே வீட்டுலதான் இருப்பாருன்னு அவருக்குப் புதுத் தலையணையெல்லாம் தைச்சு வச்சேன். 'சின்ன வேலைதான், முடிஞ்சுது'ன்னு சிரிச்சுக்கிட்டே கிளம்பிட்டாரு."

மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு வேற ஆசையே இல்ல தம்பி. சாயங்காலம் காய் வாங்க நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கடைத்தெருவுக்கு நடக்கணும். நான் பேரம் பேசணும், அவரு பையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். குறட்டை தாங்க முடியலைன்னு தினமும் நான் அலுத்துக்கணும். பேச்சுக்குரல் கேக்கணுமேன்னு டிவியைப் போட்டுட்டு அடுப்படியில நிக்கிறேன். எத்தனை நாளைக்கு?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பேத்தி எடுத்த பிறகும் புருஷன்மேல் இத்தனை ஆசையா என்று வெட்கமாகவும் இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இதை நீங்களே அண்ணன்கிட்டச் சொல்லிப் பாருங்களேன்."

"சொல்லாமலா இருப்பேன்? 'ஓடுற இன்ஜினை நிறுத்தினா பாவம்'ங்கிறாரு. ஆனா, கொடுத்த வாக்கை மீற மாட்டாரு. இது நின்னா, மறுபேச்சில்லாம வந்துடுவாரு. நீ சொன்னா நம்புவாரு."

மெக்கானிக்கின் முகம் வெளிறியது. பொய் சொல்லத் தயங்குகிறான், நல்ல பிள்ளை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி. இது சரியா வராது."

"ஒரே ஒரு பொய்தானே? பாவம் வந்தா என் தலையில போடு."

அதற்குள் வெளியே செருமல் சத்தம் கேட்டது. பக்கத்துக் கடையில் பஞ்சர் ஒட்டக் கொடுத்திருந்த டயரை உருட்டிக்கொண்டு லாரிக்காரர் வந்துகொண்டிருந்தார்.

"அண்ணி, நீங்க பின்பக்கமா வீட்டுக்குக் கிளம்புங்க. நான் சொல்லிட்டு போன் பண்றேன்" என்று மெக்கானிக் கெஞ்சினான்.

"நல்லா இருக்கே! அவரு கலங்கிப் போவாரு இல்ல? நான் பக்கத்துல இருக்க வேணாமா? நீ சொல்லி முடிச்சதும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிடறேன்."

சொல்லிவிட்டுச் சின்னப் பெண்ணைப் போல ஓடி, சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

லாரிக்காரர் டயரைச் சுவரில் சாய்த்தார். "என்னப்பா, நம்ம இன்ஜின் ராஜா என்ன சொல்றாரு?"

மெக்கானிக் கதவுப் பக்கம் பார்த்தான்.

"அண்ணே... இன்ஜின் போச்சுண்ணே. கிராங்க்ல விரிசல், பிளாக்கும் காலி. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. பேசாம வீட்டோட இருந்துடுங்கண்ணே. அண்ணியும் தனியா..."

லாரிக்காரர் பானட்டைத் தடவினார்.

கதவுக்குப் பின்னால் இருந்தவளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பாவம் மனுஷன், எத்தனை வருஷத்து உறவு! ஓடிப்போய்த் தோளைத் தொட வேண்டும் என்று ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டாள்.

அவர் சிரித்தார்.

"இதுக்கா இழவு விழுந்த மாதிரி நிக்கிற? போன ரெண்டு தடவையும் பண்ணின மாதிரி, அதே மாடல்ல பழசு ஒண்ணு தேடிப் புடிச்சு ஏத்திடு. வழக்கம்போல உங்க அண்ணிகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே!"